இரண்டு ஒயருக்கு ஒரு லீவர்

ஜெயசீலன் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது 1999 மார்ச்சில். டில்லி ஆர்.கே.புரத்தில் தபால் அனுப்பும் பிரிவில் நான் யூ.டி.சி. குமாஸ்தாவாக இருந்தேன். அவருக்கு என் எதிர் மேஜை. ராணுவத்தில் மெக்கானிக்காக இருந்தவர், உடல் தகுதிக் குறைவால் விடுவிக்கப்பட்டவர் என்று மட்டும் உத்தரவில் இருந்தது. வலது கை எப்போதும் பேன்ட் பாக்கெட்டுக்குள்தான் இருக்கும். டில்லியின் மே மாத வெயிலில், மின்விசிறி நின்றுபோய் நாங்கள் எல்லோரும் ஃபைல் அட்டையால் விசிறிக்கொண்டிருக்கும்போதும் அந்தக் கை வெளியே வராது. முகவரிகளை இடது கையால் ஒவ்வோர் எழுத்தாக எழுதுவார். யாராவது உதவப் போனால் "பரவால்ல மேடம், ஆயிடும்" என்பார். அதற்கு மேல் பேச்சு இல்லை.

முனிர்காவில் நாங்கள் இருந்த கட்டடத்தின் மேல்மாடிக்குத்தான் அவரும் அவர் மனைவி உஷாராணியும் குடிவந்தார்கள். வேலூர்ப் பக்கத்துக்காரர்கள். அவளுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. "ஜலஜாக்கா" என்று ஒட்டிக்கொண்டாள். சியாச்சினில் பனி அரித்து, கணவரின் வலது கையில் நான்கு விரல்களை எடுத்துவிட்டார்கள், கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம் என்று ஒருநாள் சொன்னாள். அது எப்படி நடந்தது என்று அவளுக்கும் தெரியாது. "கேட்டா எழுந்து போயிடறாரு-க்கா" என்றாள்.

2001 ஜனவரிக் குளிரில் ஒருநாள் காலை, அலுவலகம் போகும் பஸ்ஸில் நானும் இருந்தேன். கூட்டத்தில் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்து அவர் தள்ளாடுவதைப் பார்த்த ஒரு அம்மாள், ஊனமுற்றோர் இருக்கையில் இருந்தவனிடம் எழுந்து இடம் கொடுக்கச் சொன்னாள். அவன் ஜெயசீலனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பெஹலே திகாவோ" என்றான். முதலில் காட்டு. பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஜெயசீலன் கையை எடுக்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். மறுநாளிலிருந்து முனிர்காவிலிருந்து அலுவலகத்துக்கு நடந்தே வந்தார்.

நடப்பது அவருக்குப் பிடித்துப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளிலும் பல்கலைக்கழக வளாகத்துக்குப் பின்னால் இருக்கும் பாறைக் காட்டில் நடக்கப் போவார். அங்கேதான், கீகர் என்ற கருவேல முள்ளுக்கு நடுவில் கரடுமுரடான பாதையில் ஒரு வெளிநாட்டு மாணவன் சைக்கிளில் இறங்கிப் போவதைப் பார்த்து, அவனோடு பழக்கமாகியிருக்கிறார். பருமனான டயர், நேரான ஹேண்டில்பார், பின்சக்கரத்தில் ஏழு பல்சக்கரங்கள். அவன் படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது அந்த மலைச் சைக்கிளை ஜெயசீலனிடம் கொடுத்துவிட்டுப் போனான். ஃபிரேம் நல்ல இரும்பு. மற்றபடி பிரேக் உடைந்து, கியர் ஒயர்கள் துருப்பிடித்து, டயர் வெடித்துக் கிடந்தது. அதை அவர் தோளில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறியதை நான் என் வாசலிலிருந்து பார்த்தேன்.

அன்று மாலையே உஷா கீழே வந்தாள்.

"பிரேக்கப் பிடிக்க முடியாத கைய வச்சிகிட்டு டில்லி ரோட்டுல சைக்கிள் ஓட்டப் போறாராம். ஞாயித்துக்கிழமை ஜண்டேவாலான்ல போயி சாமான் வாங்கணுமாம். நீங்களும் வாங்கக்கா. நீங்க சொன்னா கேப்பாரு. வேணாம்னு சொல்லுங்க."

அவரைத் தடுப்பதற்காகத்தான் நான் போனேன்.

ஜண்டேவாலானில் வரிசையாகச் சைக்கிள் கடைகள். நாங்கள் நுழைந்த கடையின் முதலாளி மெஹ்ரா என்ற வயதான பஞ்சாபிக்காரர். மலைச் சைக்கிள் என்றதும் உற்சாகமாகப் புதிய சரக்குகளை எடுத்து மேஜைமேல் பரப்பினார். கட்டைவிரலால் தள்ளி ஆள்காட்டி விரலால் இழுக்கும் கியர், கைப்பிடியையே முறுக்கி மாற்றும் கியர், நீளமான கைகளுள்ள புதுமாதிரி பிரேக். எது வேண்டும் என்று கேட்டார்.

ஜெயசீலன் சற்று நேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பாக்கெட்டிலிருந்து வலது கையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

இரண்டரை வருஷத்துக்கு மேலாக எதிரெதிரே உட்கார்ந்திருந்தும் நான் அந்தக் கையை அன்றுதான் பார்த்தேன். உள்ளங்கை முடியும் இடத்தில் தோல் இழுத்துத் தைக்கப்பட்டுப் பளபளப்பாக இருந்தது. ஓரத்தில் கட்டைவிரல் தனியாக நின்றது. உஷா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இந்தக் கைக்கு எது பொருந்தும் என்று பார்க்க வேண்டும்" என்று இந்தியில் சொன்னார் ஜெயசீலன். குரலில் ஒன்றும் இல்லை. சட்டையின் அளவைச் சொல்வதுபோலச் சொன்னார்.

மெஹ்ரா ஒரு பழைய ஹேண்டில்பாரை எடுத்து வந்து மேஜையோடு இறுக்கினார். ஒவ்வொன்றாக அதில் மாட்டிப் பார்த்தார்கள். முதல் கியரில் கட்டைவிரல் தள்ளியது, இழுக்க விரல் இல்லை. முறுக்கும் கியரில் உள்ளங்கை வழுக்கியது. கடைசியில் மெஹ்ரா பரணிலிருந்து பழைய மாதிரி ஒன்றை இறக்கினார். ஹேண்டில்பாரின் மேலே நிற்கும் ஒற்றை லீவர். "இப்போது யாரும் கேட்பதில்லை" என்றார். ஜெயசீலன் உள்ளங்கை ஓரத்தால் அதைத் தள்ளினார். போயிற்று. கட்டைவிரலால் திருப்பி இழுத்தார். வந்தது. நாலைந்து தடவை அப்படியே செய்தார்.

"இது போதும்" என்றார்.

பிரேக்தான் சிக்கல். முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டையும் இடது கை ஒன்றே பிடிக்க வேண்டும். மெஹ்ரா தானாகவே உள்ளே போய், கால் நடமாட்டம் இல்லாதவர்களின் மூன்று சக்கர வண்டியில் வரும் லீவர் ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் இரண்டு ஒயர் கோக்கலாம். ஆனால் அந்த லீவர் ஒயரை இழுக்கும் தூரம் குறைவு. புதுமாதிரி பிரேக்குக்கு அது பத்தாது, லீவர் கைப்பிடியில் வந்து முட்டிவிடும் என்று ஜெயசீலன் அங்கேயே அளந்து சொன்னார். ஆகவே பிரேக்கும் பழைய மாதிரியே எடுத்தார்கள். வலது கை வழுக்கி வெளியே போகாமலிருக்க ஹேண்டில்பார் நுனியில் மாட்டும் கொம்பு ஒன்று, வலப்பக்கம் பார்க்க ஒரு கண்ணாடி, மணல் வழுக்காத டயர் இரண்டு. முன்பக்கம் மூன்று பல்சக்கரம் வேண்டாம், ஒன்று போதும், அந்தப் பக்கத்துக் கியரே தேவையில்லை என்று முடிவு செய்தார். எதை எடுத்தாலும் ஏன் எடுக்கிறார் என்பதற்குக் காரணம் இருந்தது. எங்கள் அலுவலகத்தில் தலை குனிந்து முகவரி எழுதுகிற மனிதர் இவர்தானா என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. திரும்பும் வழியெல்லாம் உஷா என்னோடு பேசவில்லை.

சாமான்களை மாட்டுவதற்கு அவருக்கு ஒரு கை பத்தவில்லை. ஒயரை இழுத்துப் பிடிக்க ஒரு கை வேண்டும், நட்டை முடுக்க ஒரு கை வேண்டும். அதற்குப் பிறகு நடந்தது உஷா என்னிடம் சொன்னது.

"இதக் கொஞ்சம் பிடி" என்றிருக்கிறார்.

"நான் பிடிக்க மாட்டேன். நீங்க விழுந்து சாகறதுக்கு நானே பிடிச்சிக் குடுக்கணுமா?"

அவர் மறுபடி கேட்கவில்லை. ஒயரின் நுனியைப் பல்லால் கவ்விக்கொண்டு, இடது கையால் ஸ்பேனரைத் திருகினார். ஒயர் பிரிந்து உதட்டைக் கிழித்துவிட்டது. சட்டையில் ரத்தம் சொட்டுவதைப் பார்த்ததும் உஷா சமையலை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, அவர் வாயிலிருந்து ஒயரை வாங்கிக்கொண்டாள்.

"அன்னிக்கும் இப்படித்தான் பல்லால பிடிச்சேன்" என்றார் அவர்.

அவள் கேட்காமலே அவரே சொன்னார். வேலு என்று ஒரு சிப்பாய். இருபத்திரண்டு வயது. நுரையீரலில் நீர் கோத்து மூச்சு விட முடியாமல் கிடந்தவனைப் பனியில் ஓடும் ஸ்கூட்டரில் கட்டி, கீழே இருக்கும் முகாமுக்குக் கொண்டு போனார். பாதி வழியில் எஞ்சின் நின்றுவிட்டது. பெட்ரோல் குழாயில் பனி அடைத்திருந்தது. உறை போட்ட விரல் அந்த இடுக்குக்குள் போகவில்லை. வலது கை உறையைக் கழற்றினார். குழாயின் ஒரு முனையைப் பல்லால் பிடித்துக்கொண்டு, இருபத்தைந்து நிமிஷம்.

"வண்டி ஓடிடுச்சு. முகாமுக்குக் கொண்டு சேத்துட்டேன். ஹெலிகாப்டர் வர்றதுக்குள்ள அவன் போயிட்டான்."

உஷா ஒயரைப் பிடித்தபடி இருந்தாள்.

"விரல் போனதுல எனக்கு வருத்தம் இல்ல உஷா. பதினொரு வருஷம் மெக்கானிக்கு. அந்தக் குழாய பத்து நிமிஷத்துல கழட்டியிருக்கணும். எப்படின்னு எனக்குத் தெரியலையே."

"இத முடுக்கட்டுமா?" என்று மட்டும் அவள் கேட்டாளாம்.

"இன்னும் அரைச் சுத்து" என்றார் அவர்.

சைக்கிள் தயாராகி முதல் ஞாயிற்றுக்கிழமை பாறைக் காட்டுக்குக் கொண்டு போனார். சமதரையில் நன்றாகத்தான் ஓடியது. முதல் சரிவில் லீவரை அழுத்தியதும் முன்சக்கரம் சட்டென்று நின்றுவிட்டது. பின்சக்கரம் மேலே எழும்பி, அவரை ஹேண்டில்பாருக்கு மேலாகத் தூக்கி எறிந்தது. காலையில் நடக்க வந்த இருவர் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். இடது தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. அவருக்கு இருந்த ஒரே முழுக் கையைக் கட்டித் தொங்கவிட்டார்கள்.

ஆறு வாரம். உஷா சோறு ஊட்டினாள், முகம் கழுவிவிட்டாள், சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள். நான் போய்ப் பார்த்தபோது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். சைக்கிள் மூலையில் சேறு காய்ந்தபடி நின்றது.

"அத யாருக்காவது குடுத்துடலாம்னு இருக்கேன் மேடம்" என்றார்.

நான் பதில் சொல்லுமுன் உஷா பேசினாள். "பிரேக்கு ஏன் அப்படிப் பிடிச்சுது?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். ரெண்டு ஒயரையும் ஒரே அளவு இழுத்துக் கட்டிட்டேன். இறக்கத்துல வெயிட்டு முன்னாடி வரும். பின்னாடி முதல்ல பிடிக்கணும், முன்னாடி கொஞ்சம் பொறுத்துப் பிடிக்கணும்."

"அப்ப எத தளத்தணும், சொல்லுங்க."

அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். உஷா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினாள். அவர் வாயால் சொல்லச் சொல்ல, முன்பக்கத்து ஒயரின் நட்டை நெகிழ்த்தி, ஒரு நெல்மணி அளவு உள்ளே விட்டு, மறுபடி முடுக்கினாள். ஒரு கையால் பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டு லீவரை அழுத்தினாள், பிறகு முன்சக்கரத்தை. சரியாக வரவில்லை. மறுபடி நெகிழ்த்தினாள். அவள் கையெல்லாம் கிரீஸ். அடுத்த நாள் நான் போனபோதும் அதையேதான் செய்துகொண்டிருந்தாள். நான்காம் நாள் லீவரை மெதுவாக அழுத்தினால் பின்சக்கரம் மட்டும் நின்றது. இன்னும் அழுத்தினால் முன்சக்கரமும் நின்றது.

"இப்ப எப்படி?" என்றாள்.

"இன்னும் ஒரு தடவ அழுத்து" என்று சொல்லிவிட்டு, அவள் அழுத்துவதைக் குனிந்து பார்த்தார்.

தோள் ஆறி, 2002 ஏப்ரலில் அதே சரிவுக்குப் போனார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். உஷாவும் நானும் கீழே நின்றோம். மேலே அவர் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். பிறகு இறங்கினார். கற்கள் தெறித்தன. வலது உள்ளங்கை கொம்பில் ஊன்றியிருந்தது, இடது விரல்கள் லீவரில். நடுவில் ஒரு பாறையருகே வண்டி தடுமாறியபோது உஷா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவர் எங்கள் முன்னால் வந்து நின்று காலை ஊன்றினார். உஷாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின்னாடிதான் முதல்ல பிடிக்குது" என்றார்.

அதன்பிறகு அலுவலகத்துக்குச் சைக்கிளிலேயே வந்தார். ஹேண்டில்பாரில் ஊன்ற வேண்டிய கையைப் பாக்கெட்டில் வைத்திருக்க முடியாது. சாலையில் போகிறவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். சிக்னலில் ஆட்டோக்காரர்கள் குனிந்து பார்த்தார்கள். முதல் சில வாரங்கள் அவர் முகம் இறுகிக் கிடக்கும். பிறகு மேஜையிலும் அந்தக் கை காகிதத்தின் மேல் கனமாகக் கிடந்தது. காகிதம் நகராததால் எழுத்தும் வேகமாக வந்தது.

2004இல் விடுப்பில் ஊருக்குப் போனபோது வேலுவின் பெற்றோரைத் தேடிச் சிவகங்கைக்குப் போய்வந்தார்கள். அங்கே என்ன பேசினார்கள் என்று உஷா என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. திரும்பி வந்த பிறகு ஒரு மாதம் அவர் சைக்கிளைத் தொடவில்லை. பிறகு ஓட்டினார்.

அவரைச் சாலையில் பார்த்தோ, யாராவது சொல்லியோ, சிலர் வந்தார்கள். கார்கிலில் கண்ணிவெடியில் இடது பாதத்தை இழந்த சந்திரமௌலி என்பவர் முதலில் வந்தார். செயற்கைப் பாதத்துக்குப் பெடல் இருப்பது தெரியாது, அடிக்கடி நழுவும். பட்டை போட்டுக் கட்டினால் விழும்போது கால் சிக்கிக்கொள்ளும். அகலமான பெடல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, குதிகாலை மட்டும் தாங்கும்படி அதன் பின்னால் ஒரு தகடு வைத்தார்கள். பக்கவாட்டில் கால் தானாக வெளியே வந்துவிடும். அந்தத் தகட்டை எந்த இடத்தில் வைப்பது என்று உஷாதான் கண்டுபிடித்தாள். நாலைந்து வருஷத்தில் அப்படி ஆறு பேருக்கு மாட்டிக்கொடுத்தார்கள். அவர் உட்கார்ந்து வந்தவரின் உடம்பைப் பார்த்துக்கொண்டே இருப்பார். எங்கே வலு இருக்கிறது, எங்கே இல்லை என்று கேட்பார். ஸ்பேனர் உஷாவின் கையில் இருக்கும்.

2008இல் அவருக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. சாமான் கட்ட வந்த ஆட்கள் சைக்கிளைப் பெட்டியில் வைக்கப் பெடலைக் கழற்ற முயன்றார்கள். வலது பெடல் வந்துவிட்டது. இடதில் இரண்டு பேர் தொங்கிப் பார்த்தும் அசையவில்லை, துருவேறிவிட்டது, அறுத்துவிடலாம் என்றார்கள். உஷா சேலையைச் செருகிக்கொண்டு வந்து, அவர்களை நகரச் சொன்னாள்.

"பையா, இது உல்டா" என்றாள். இடது பெடலுக்கு மட்டும் மரை எதிர்த்திசையில் சுற்றும். ஸ்பேனரை எதிர்ப் பக்கமாகப் பொருத்தி, மேலே தன் எடையைக் கொடுத்தாள். பெடல் கழன்று வந்தது. அதைத் துணியில் துடைத்து ஜெயசீலனிடம் நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.