அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் இல்லை

தொண்ணூறுகளின் நடுவில் மன்னார்குடி கோர்ட்டில் நடந்தது இது. தம்பி சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டதால் வயலையும் வழக்கையும் நான் ஒருவனாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வயல்காரர் எங்கள் பாதையில் வேலி போட்டுவிட்டார். அதை எதிர்த்துத்தான் வழக்கு. அந்தப் பாதை போனால் அறுத்த நெல்லை வெளியே கொண்டுவர வழியில்லை.

விசாரணை நாளன்று விடியும்போதே வாய்க்காலில் முறைத் தண்ணீர் வந்துவிட்டது. விட்டால் அடுத்த முறைக்குள் நாற்று கருகிவிடும். நான் மடையிலேயே நின்றுவிட்டேன். கோர்ட்டில் என் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்து, ஆள் வரவில்லையென்று வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

மறுபடி எடுக்க மனுப் போடலாம், ஆனால் வராத காரணத்தைச் சொல்லி நானே பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும் என்றார் எங்கள் வக்கீல். குமாஸ்தா அதை டைப் அடித்து, வேறொரு வக்கீலம்மாவிடம் கூட்டிப்போனார். அவர் முன்னால்தான் நான் உறுதி சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும்.

நான் பேனாவை எடுத்ததும் அந்த அம்மா தடுத்தார். “இருங்க, படிச்சுக் காட்டுறேன்.”

கடும் காய்ச்சலில் படுத்துக் கிடந்தேன் என்று அதில் இருந்தது.

வக்கீல்கள் எதிரே எனக்கு நாக்கு எழாது. ஐந்தாவதுக்கு மேல் படித்ததில்லை என்ற கூச்சம். ஆனாலும் சொல்லிவிட்டேன்: “காய்ச்சல் இல்லைங்கம்மா. தண்ணி பாய்ச்சிக்கிட்டு நின்னேன். வேலி போட்ட பக்கத்து வயல்காரங்க வீட்டோட கோர்ட்டுக்கு வந்துட்டாங்க, அவங்க மடையையும் நான்தான் திறந்துவிட்டேன்.”

“அப்ப காய்ச்சல் யாருக்கு? குமாஸ்தாவுக்கா?”

குமாஸ்தா நெளிந்தார். “காய்ச்சல்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்கம்மா. தண்ணி பாய்ச்சினேன்னா, கோர்ட்டைவிட வயல் பெருசாம்பாங்க.”

“சத்தியம் பண்றது இவரு,” என்றவர் என் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க, எதைப் போடுறது?”

“உள்ளதையே போடுங்கம்மா.”

மனு விசாரணைக்கு வந்தபோது குமாஸ்தா சொன்னது அப்படியே நடந்தது. கோர்ட்டைவிட வயல் பெரிதா என்று எதிர்த்தரப்பு வக்கீல் சத்தம் போட்டார். நீதிபதி பத்திரத்தைப் படித்துவிட்டு, பின்னால் நின்ற பக்கத்து வயல்காரரைப் பார்த்தார். “இவர் சொல்றது உண்மையா?”

அவர் பிடரியைச் சொறிந்தார். “ஆமாங்கய்யா. சாயந்திரம் போய்ப் பாத்தா எங்க வயல்லயும் தண்ணி நின்னுச்சு. வழக்கு பாதைக்குத்தானுங்களே, பயிருக்கு இல்லையே.”

அவருடைய வக்கீல் அவரை முறைத்த முறைப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. மனு அனுமதிக்கப்பட்டது. பாதையும் பிறகு எனக்குக் கிடைத்தது.

காய்ச்சல் என்று எழுதியிருந்தால் அந்த மனிதர் எனக்காக வாய் திறந்திருக்க மாட்டார். இன்றைக்கும் யார் எந்தத் தாளை நீட்டினாலும், “கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க” என்று கூச்சமில்லாமல் கேட்கிறேன். என் பெயரில் சொல்லப்படுவது நான் செய்ததாகவே இருக்க வேண்டும் என்பதில் எனக்கு அன்றிலிருந்து சந்தேகமே வந்ததில்லை.