நிழல் தெற்கே விழும் என்று எழுதியவர்

ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது எஸ்தர் அக்காவின் மகள் ஜெனியின் அழைப்பு வந்தது. வகுப்பில் நான் போனை எடுப்பதில்லை. மூன்றாவது முறையும் அவள் பெயரே தெரிந்ததும் வராந்தாவுக்கு வந்தேன். "மாமா, அம்மா போயிட்டா," என்றாள். மணி பன்னிரண்டேகால். இன்னும் ஐந்து நிமிடத்தில் அக்கா மாடிக்குப் போகும் நேரம் என்றுதான் முதலில் தோன்றியது. விஷயம் உறைத்தது அதற்குப் பிறகுதான். பனவடலிசத்திரத்தில் பஸ் ஏறிச் சங்கரன்கோவிலில் இறங்கினேன்.

ரத வீதியில் குடமோ குக்கரோ வாங்கிய எல்லோருக்கும் பாத்திரக்கடை எஸ்தர் அக்காவைத் தெரியும். அவர் என்னோடு படித்தவர் என்பது சிலருக்குத்தான் தெரியும். தொலைநிலைக் கல்வியில் வானியல் அடிப்படைகள் என்று முதலாண்டுப் பாடம் ஒன்று உண்டு. எனக்குப் பதவி உயர்வுக்கு அது தேவைப்பட்டது. அக்காவுக்கு ஒன்றுக்கும் தேவையில்லை. கல்லூரியில் சேர்ந்த வருடமே கல்யாணமாகிப் படிப்பை விட்டவர். "காலேஜ் பரீச்சை ஒண்ணாவது பாஸ் பண்ணணும் தம்பி. சாவுததுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு," என்று முதல் வகுப்பிலேயே சொன்னார். அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது.

சனிக்கிழமை வகுப்பில் நாங்கள் ஏழு பேர். கோள்களின் பாதை நீள்வட்டம் என்று படம் போட்டதும் மற்றவர்கள் விழித்தோம். அக்கா சாவகாசமாக, "இதுல என்ன இருக்கு, பரண்ல இருந்து விழுந்த தாம்பாளம்," என்றார். ஒளியாண்டு என்பது காலமா தூரமா என்று நான் குழம்பியபோது, "புளியங்குடி எம்புட்டு தூரம்னு கேட்டா அரை மணி நேரம்னு சொல்லுதோம்லா, அதே சோலிதான்," என்றார். அந்த விளக்கத்தைத்தான் இன்றுவரை என் வகுப்பில் சொந்தச் சரக்குபோல எடுத்துவிடுகிறேன்.

சித்திரை பிறக்கும்போது நம் ஊரில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், நட்டுவைத்த கம்புக்கு நிழலே இருக்காது என்று வகுப்பில் சொன்னார்கள். அக்கா விடவில்லை. கடை மாடியில் ஒரு மீட்டர் இரும்புக் கம்பியைத் தூக்குக் குண்டு பிடித்துச் செங்குத்தாக நட்டார். சரியாகப் பன்னிரண்டு மணிக்குப் போய் நின்றோம். மேற்கே நான்கு விரல் நிழல் கிடந்தது. "வகுப்புல சொன்னது புளுகு," என்று நான் செருப்பை மாட்டினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. "நில்லு, நெழலு நவுருதுல்லா," என்று அக்கா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அசையாமல் இருந்தார். பன்னிரண்டு இருபதுக்கு நிழல் கம்பியின் காலடியில் காணாமல் போனது. நம் கடிகாரம் நமக்குக் கிழக்கே எங்கோ தள்ளிப் போகிற ஒரு தீர்க்கக்கோட்டுக்குப் பார்த்து வைத்தது, நம் ஊர் உச்சிவேளை இருபது நிமிடம் பிந்தித்தான் வரும் என்பது இருவருக்கும் அன்றைக்குத்தான் விளங்கியது. அறிவியல் வாத்தியாரான எனக்கும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதன்பிறகு தினமும் அளந்தார். சூரியன் நமக்கு வடக்கே நகர, நண்பகல் நிழல் தெற்கே வளர்ந்தது. ஆனியில் ஒரு சாணுக்கு மேல் போய், ஆவணி நடுவில் மறுபடி மறைந்து, அப்புறம்தான் வடக்கே திரும்பியது. ஆடித்தபசுத் திருவிழா அன்று கடையில் கூட்டம் நெரிந்தபோதும் ஐந்து நிமிடம் மாடிக்குப் போய் வந்தார். நாள், மணி, நீளம், திசை, பார்த்தவர் என்று நோட்டில் கட்டம் போட்டிருந்தார். விடுமுறை நாட்களில் பார்த்தவர் கட்டத்தில் என் கையெழுத்தும் வேண்டும். "நான் மட்டும் போட்டா யாவாரி என்னமோ சொல்லுதான்னு விட்டுருவாவ. வாத்தியாரும் பாத்தாருன்னு இருக்கணும்," என்பார்.

பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. இந்தியாவில் நண்பகல் நிழல் எந்தத் திசையில் விழும்? பாடப் புத்தகத்தில் எப்போதும் வடக்கு என்று அச்சடித்திருந்தார்கள். டெல்லிக்கு அது சரி. நமக்கு நாலரை மாதம் சரியில்லை. அக்கா தன் அளவுகளோடு தெற்கு என்று எழுதினார். ஐந்து மதிப்பெண் கேள்வி. மூன்று மதிப்பெண்ணில் தோற்றார். நான் தேறிவிட்டேன்.

"நீ என்ன எழுதுன?" என்று கேட்டார்.

"தெற்குன்னுதான்க்கா."

"அப்பம் ஒனக்குத் திருத்துனவரு நல்ல மனுசன்," என்று சந்தோஷப்பட்டார்.

மறுமுறை எழுதும்போது, புத்தகத்தில் உள்ளதையே எழுதிவிடச் சொல்லி நான் கெஞ்சினேன். "ரெண்டு பேரும் கண்ணால பாத்தத இல்லைன்னு எழுதச் சொல்லுதியா?" என்றார். அந்த முறையும் அதே கேள்வி. அதே விடை. கூடவே 'சந்தேகம் இருந்தால் கடைக்கு வந்து பார்க்கலாம்' என்று ஒரு வரி. மற்ற கேள்விகளில் அள்ளித் தேறினார். சான்றிதழைச் சட்டம் போட்டுத் தராசுக்கு மேலே மாட்டினார். வருகிறவர்களிடமெல்லாம், தம்பியும் நானும் ஒரே விடைதான் எழுதினோம் என்று பெருமையாகச் சொன்னார். நான் பக்கத்தில் நின்று சிரித்தேன். படிப்பு முடிந்து நான்கு வருடமாகியும் சனிக்கிழமைதோறும் பேனாவை நீட்டுவார். கையெழுத்துப் போடும்போது ஒவ்வொரு தடவையும் உறுத்தும்.

அடக்க ஆராதனையில் ஜெனி அதே கதையை எல்லோரிடமும் சொன்னாள். சரிதானே மாமா என்று என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அக்காவைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டும் பொய்தான் சொன்னேன். அதனால் அங்கே இருந்த உங்களுக்கெல்லாம் இதை எழுதுகிறேன். நான் வடக்கு என்று எழுதினேன். பதவி உயர்வு கைநழுவிவிடுமோ என்ற பயம். தெற்கு என்று எழுதியவர் அக்கா ஒருவர்தான்.

அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போய் ஜெனியிடம் இதைச் சொன்னேன். தராசைத் துடைத்துக்கொண்டிருந்தவள் துணியைக் கீழே வைத்தாள். பிறகு மேஜையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்துத் தந்தாள்.

"இனி இத நீங்கதான் வச்சுக்கிடணும். மணி ஆவுது மாமா. இப்பமாவது சரியா எழுதுங்க."

மாடிக்குப் போனோம். அக்கா இறந்த நாளிலிருந்து கட்டங்கள் காலியாகக் கிடந்தன. பன்னிரண்டு இருபதுக்கு அளந்தேன். ஒரு சாண். திசை என்ற கட்டத்தில் தெற்கு என்று எழுதினேன். பார்த்தவர் என்ற இடத்தில் என் பெயரை முழுதாக எழுதிவிட்டு, பேனாவை ஜெனியிடம் நீட்டினேன்.