7,20,720-இல் கமாவை நகர்த்திய ஜெயராணி

நேற்று மும்பை மாட்டுங்காவில், ஹால் நிறைந்த கூட்டத்துக்கு முன்னால், ஒரு வகுத்தல் கணக்கில் மாட்டிக்கொண்டேன்!

(முப்பத்தாறு வருடம் கணக்கு வாத்தியார். தயவுசெய்து பென்ஷனை நிறுத்திவிடாதீர்கள்!)

தமிழ் மன்றத்தின் விநாடி வினா. தாராவி அணியில் இருவர்: நானும் ஜெயராணியும்.

ஜெயராணி ஒரு பர்ஸ் பட்டறையில் பேக்கிங் பார்ப்பவர். நாற்பது வயதில், திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதப் போகிறார். அதில் பாடங்களை நாமே தேர்ந்தெடுக்கலாம். விண்ணப்பத்தில் கணக்குக்கு எதிரே இருந்த கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார்.

"கணக்குல ரெண்டு தடவ ஃபெயில் சார். இன்னைக்கு ஒரு கணக்காவது நானா சொன்னேன்னா டிக் போடுதேன். இல்லாட்டி விட்டுருதேன். நாளைக்குக் கடைசி நாள்."

ஆனால் எல்லாக் கேள்விக்கும் நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். (வாத்தியார் புத்தி!)

கடைசிக் கேள்வி. திரையில் 7,20,720.

"இது 7, 11, 13 மூணாலயும் மீதியில்லாம வகுபடுமா? பேப்பர், பேனா கிடையாது. காரணமும் சொல்லணும். ஒரு நிமிஷம்!"

கண்ணை மூடி வகுக்கத் தொடங்கினேன். ஏழு சரியாகப் போனது. பதினொன்றில் பாதி வழியில் எல்லாம் மறந்துபோனது!

"சார், கால்குலேட்டர் குடுக்கவா?" என்றது எதிரே செம்பூர் அணி.

ஜெயராணி என் முழங்கையை இடித்தார்.

"கமாவ ஏன் சார் அங்க போட்டிருக்காவ? எங்க எக்ஸ்போர்ட் டப்பாவுல மூணு மூணாத்தான் போடுவாவ. 720 கமா 720. ஒரே நம்பர் ரெண்டு தடவ!"

"அதனால?"

"720 பீஸ் டப்பா ஆயிரம், மேல இன்னும் ஒண்ணு. ஆயிரத்தொரு டப்பா சார்!"

7 × 11 × 13 = 1001! இது எனக்கு மனப்பாடம். ஆனால் லட்சத்துக்குக் கமா போட்டே பழகிய கண்ணுக்கு, அது உள்ளே இருப்பது தெரியவில்லை.

அவர் காதில் அதைச் சொல்லி, மைக்கை அவரிடம் தள்ளினேன். கணீரென்று சொன்னார். கைதட்டல்!

(நீங்களும் எந்த மூன்று இலக்க எண்ணையும் அடுத்தடுத்து இரண்டு முறை எழுதிப் பாருங்கள். உதாரணமாக 358358. அது 7, 11, 13 மூன்றாலும் வகுபடும்.)

எங்களுக்கு இரண்டாம் பரிசு. ஆனால் திரும்பும் பஸ்ஸில் ஜெயராணி முகம் தெளியவில்லை.

"பாதி நீங்க சொன்னதுல்லா சார். அது எப்படி என் கணக்காகும்?"

நிகழ்ச்சி நிரல் தாளைப் பின்பக்கம் திருப்பி, என் பேனாவை வாங்கி, எழுதத் தொடங்கினார். நான் வாயைத் திறக்கவில்லை. (எவ்வளவு கஷ்டம் தெரியுமா!)

அவர் இறங்க வேண்டிய சயான் ஸ்டாப் வந்தது. இறங்கவில்லை.

"சார்! அந்த 7,20,720, ஒண்ணுலேருந்து பதினாறு வரைக்கும் எல்லாத்தாலயும் போகுது! பதினேழுதான் போகல. அஞ்சு மீதி!"

சரிபார்த்தேன். அத்தனையும் சரி!

பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்தார். ஓடுகிற பஸ்ஸில், என் பேனாவால், கோணலாக ஒரு டிக்.

என் சொந்த ரிசல்ட்டுக்குக்கூட நான் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

இன்று காலை வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறார்: "ஒண்ணுலேருந்து இருபது வரைக்கும் எல்லாத்தாலயும் போகுற சின்ன நம்பர் எது சார்?"

நண்பர்களே, சீக்கிரம் யாராவது சொல்லுங்கள். அவர் பாதி கண்டுபிடித்துவிட்டாராம்!