மாற்றிக் கட்டிய மணிக்கூடுகள்

2024 நவம்பர் 16, சனிக்கிழமை, காலை 6.40. இரவெல்லாம் பெய்த மழை தூறலாகக் குறைந்திருந்தது. வாடைக் காற்று யன்னல் கதவைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. அன்புவழிபுரத்து வீட்டில், வழக்கம் போல, என்னுடைய பதினொரு கைமணிக்கூடுகளுக்கும் வரிசையாகச் சாவி கொடுத்துக்கொண்டு வந்தேன். கடைசி மணிக்கூட்டின் தோல்பட்டி ஈரத்தில் மணத்தது. அத்தர், வியர்வை, கொஞ்சம் அன்னாசி. அன்னாசி என் கற்பனையாக இருக்கலாம். மகள் கேட்டால் பூஞ்சணம் என்பாள். அவள் இருப்பது கனடாவில். மணந்து பார்த்துச் சொல்ல முடியாது.

அந்த அத்தர் கிண்ணியா காசிம் நானாவுடையது. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு மரக்கறியும் பழமும் ஏற்றியவர். அவருடைய பற்றுச்சீட்டுகளைச் சரிபார்க்கும் கிளாக்கர் நான். ஒரு சதம் பிழைத்தாலும் திருப்பி அனுப்புவேன். எங்கள் சினேகிதம் சண்டையில்தான் தொடங்கியது.

அந்தக் காலத்தில் பற்றரி மணிக்கூடு புதிதாக வந்திருந்தது. இளம் மாலுமிகளுக்கு, தகப்பன் கட்டிய ஐம்பதாம் ஆண்டுகளின் மணிக்கூடு வெட்கமாகிவிட்டது. ஒரு கூடை அன்னாசிக்கு ஒரு சுவிஸ் மணிக்கூடு கழன்றது. நானா தோலை உரித்துத் துண்டு போட்டுக் கொடுத்துக்கொண்டே மாலுமியின் மணிக்கட்டைப் பார்ப்பார். நான் அவருக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். மணிக்கூட்டின் முகம் மஞ்சளித்திருந்தாலும் சரி, புள்ளி விழுந்திருந்தாலும் சரி, மேலே புதுப் பூச்சுப் பூசியிருக்கக் கூடாது என்பதில் மட்டும் இருவரும் ஒன்று. “பூசின முகத்த நான் வாங்கமாட்டன் கிளாக்கர். கலியாணத்திலயும் பாத்துத்தான் முடிச்சனான்” என்பார்.

சாவி கொடுக்கும் மணிக்கூடு பெட்டியில் கிடந்தால் எண்ணெய் இறுகும். கட்டவேண்டும். ஆனால் ஒரு மனிதன் எத்தனையைத்தான் கட்டுவான்? அதற்காக நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை ஆளுக்கொன்று கழற்றி மாற்றிக் கட்டிக்கொள்வோம். அடுத்த மாதம் அவரவர் பொருள் அவரவரிடம் திரும்பும். எழுதிய துண்டு கிடையாது, சாட்சி கிடையாது. ஒரேயொரு நிபந்தனை: எது யாருடையது என்று வீட்டில் மூச்சு விடக்கூடாது. விட்டால் மனைவிமார் எண்ணத் தொடங்கிவிடுவார்கள்.

“இதென்ன, நேற்று வேற நிறமெல்லோ?” என்று என் மனைவி கேட்பாள்.

“பட்டி மாத்தினனான்” என்பேன்.

இப்போது நான் எதைக் கட்டினாலும் கேட்க ஆளில்லை.

மாற்றும் இடம் இறங்குதுறை. கிண்ணியாவுக்குப் பாலம் இல்லாத காலம். ஆட்களையும் வாகனங்களையும் மிதவையில் ஏற்றிக் கடத்துவார்கள். அதைப் பாதை என்போம். நான் வரும் பாதை கரை தட்டுவதற்கு முன்பே அக்கரையிலிருந்து நானாவின் குரல் வந்துவிடும்.

“ஏழு நிமிசம் பிந்திட்டீங்க கிளாக்கர்! இவ்வளவு மணிக்கூட்ட வெச்சிருந்து என்ன பிரயோசனம்?”

“எது சரியெண்டு பாத்துக்கொண்டு நிண்டனான், நானா.”

நாட்டில் சண்டை நடந்த காலத்தில் ஒருமுறை மூன்று மாதம் போக்குவரத்து நின்றது. அவருடையது என்னிடமும் என்னுடையது அவரிடமும் கிடந்தன. எனக்கு நித்திரை வரவில்லை. ஆளை நினைத்தா, மணிக்கூட்டை நினைத்தா என்று இன்றுவரை பிரித்துக் கணக்குப் பார்க்கவில்லை.

பாலம் வந்த பிறகும் வழக்கம் நிற்கவில்லை. இந்த ஆடியில் அவர் என் கறுத்த முகத்து மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு போனார். என்னிடம் இருந்தவற்றில் அதுதான் முதலாவது. அவர் தந்தது, ஆறு மணிக்கு மேலே செக்கன் முள்ளுக்கென்று தனி வட்டம் உள்ள வெள்ளி நிறத்து மணிக்கூடு. அடுத்த மாதம் எனக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை, போகவில்லை. அதற்கடுத்த மாதம் அவர் மௌத்தானார். அடக்கம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

ஒக்டோபரில் பேரீச்சம்பழப் பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டு ஓட்டோவில் போனேன். அவருடைய மணிக்கூடு சட்டைப் பையில் இருந்தது. கொடுத்துவிட்டு என்னுடையதைக் கேட்டு வாங்குவது என்றுதான் போனேன். வழி நெடுக அந்த வசனத்தைச் சொல்லிப் பழகினேன்.

நானாவின் மகள் சல்மா கதிரை இழுத்துப் போட்டாள். மேசையில் ஒரு தட்டு நிறைய மணிக்கூடுகள். மறுநாள் கொழும்பிலிருந்து வியாபாரி வருகிறானாம். தட்டை இரண்டு தடவை பார்த்தேன். கறுத்த முகம் இல்லை. அது சல்மாவின் கையில் இருந்தது. பெரிய பட்டியில் புதிதாக ஓட்டை போட்டு இறுக்கியிருந்தாள்.

“இத மட்டும் விக்கிறல்ல கிளாக்கர் மாமா. கடைசி மட்டும் வாப்பாட கையில கிடந்தது. காதோட வெச்சாத்தான் எனக்கு நித்திர வருது.”

பழகிய வசனத்தை விட்டுவிட்டுப் பேரீச்சம்பழப் பெட்டியை மேசையில் வைத்தேன். பையில் இருப்பதைப் பேசாமல் கொண்டுபோயிருக்கலாம். ஒன்றுக்கு ஒன்று சரிதானே. ஆனால் அவர் பொருளை அவர் வீட்டுக்குத் தெரியாமல் வைத்திருந்தால் எனக்குச் சரிவராது. மாற்றிக் கட்டிய கதையைச் சொன்னாலோ, அந்தப் பிள்ளை கையில் இருப்பதைக் கழற்றி நீட்டிவிடும்.

“இது வாப்பான்ர. திருத்தச் சொல்லித் தந்தவர்” என்று அவருடையதை எடுத்துத் தட்டில் வைத்தேன்.

“கூலி எவ்வளவு மாமா?” என்றார் நானாவின் மருமகன்.

“அது நானா அப்பவே தந்திட்டார்.”

மருமகன் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “இதுக்கு அவன் முப்பத்தஞ்சாயிரம் தருவான்.”

“அந்த விலைக்கு நானே எடுக்கிறன்.”

“வாப்பாட சாமான உங்களுக்கு விக்கிறதா?” என்று சல்மா மறுத்தாள். எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தேன். வாசலில் அவள் கையைத் திருப்பி மணி பார்த்தாள். “நாலரை மாமா, மழைக்கு முந்திப் போங்க.” நான்கு நிமிடம் பிந்தி ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டோவில் ஏறினேன்.

பாலத்தில் இக்கரை வர ஓட்டோவுக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. பாதை நின்ற துறையில் இறங்கி நிற்கப் பார்த்தேன். நிற்பதற்குக் காரணம் ஒன்றும் இல்லை. மாலுமிகள் கைத்தொலைபேசியில் மணி பார்க்கிறார்கள். இரண்டாம் சனிக்கிழமை மற்றச் சனிக்கிழமைகளைப் போலவே வந்து போகிறது. என் பதினொன்றும் என்னிடமே கிடக்கின்றன. மாற்றிக் கட்ட ஆளில்லை.

மணிக்கூடு முப்பத்தையாயிரம், ஓட்டோ போக வர மூவாயிரம், பேரீச்சம்பழம் ஆயிரத்து இருநூற்றைம்பது. எல்லாமாக முப்பத்தொன்பதாயிரத்து இருநூற்றைம்பது ரூபா.