ஏரி தெரியும் வீடு, வாடகை இல்லை

இன்று காலை அட்டன் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் கொழும்புத் தம்பி ஒருவர். குறைந்த செலவில் வாழக்கூடிய ஊர்களைப் படம்பிடித்து ஆன்லைனில் போடுகிறாராம்.

எங்கள் டேமை ஏரி என்றார். ஹோட்டலாகிவிட்ட பழைய தேயிலைத் தொழிற்சாலையையும் எடுத்துவிட்டு, ஃபோனை என் பக்கம் திருப்பினார்.

“அக்கா, உங்க வீட்டுல இருந்து ஏரி தெரியுமா?”

“லயத்து வாசல்ல நின்னா முழுசா தெரியும்.”

“வாடகை எவ்வளவு?”

“வாடகை இல்லைங்க தம்பி.”

அவருக்கு வாயெல்லாம் பல். “குடுத்து வச்சவங்க!”

“முழுசா கேளுங்க. லயம்னா வரிசை வீடு, தேயிலைத் தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டுல ஒருத்தராவது தோட்டத்துல பேர் பதிஞ்சு வேலை செய்யணும். இல்லாட்டி நாங்க இருக்கிற காம்பராவை காலி பண்ணச் சொல்லுவாங்க. எங்கம்மா முட்டி வீங்கி நடக்க முடியாட்டியும், இன்னைக்கும் கொழுந்தெடுக்க மலை ஏறியிருக்காங்க. அதுதான் வாடகை.”

பெரிதாகத் தலையாட்டினார்.

சாயங்காலமே வீடியோ வந்துவிட்டது. “வாடகை இல்லைங்க தம்பி” என்று நான் சொல்வதோடு முடிகிறது. பின்னால் புல்லாங்குழல் வேறு. கீழே, எங்களுக்கும் இப்படி ஒரு வீடு கிடைக்குமா என்று ஆளாளுக்குக் கேட்டிருக்கிறார்கள்.

கிடைக்கும். அம்மா இந்த மாதத்தோடு வேலையை விடுகிறார். எனக்கும் தங்கைக்கும் டவுனில் கடை வேலை. தோட்டத்தில் பதிய எங்கள் வீட்டில் வேறு பேர் இல்லை.

ஏரிக்கு ஆசைப்படுகிறவர்கள் கமென்டில் பேர் கொடுங்கள். விடிந்ததும், வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நின்றுவிட வேண்டும். அம்மாவின் கூடை இருக்கிறது, புதிதாக வாங்கத் தேவையில்லை.