கூரை இல்லாத சுவரடியில்

எனக்கு அப்போது ஏழு மாதம். கனகாலம் காத்திருந்து தரித்த பிள்ளை என்பதால் மச்சாள், என் கணவரின் அக்கா, லண்டன் மோர்டனில் எங்கள் வீட்டுக்கே வந்து காவலிருந்தார். செத்தவீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கவிடமாட்டார். சில வேளை எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு ஞாயிறு, லண்டனுக்கு வெளியே, ஆட்கள் எப்போதோ கைவிட்டுப்போன பழைய ஊர் ஒன்றைப் பார்க்கக் கணவரோடு மூவரும் காரில் போனோம். போனால் வெறும் புல்வெளி.

"இதைப் பாக்கவோ பெற்றோலை எரிச்சனாங்கள்?" என்றார் மச்சாள். ஒரு மேட்டில் பாய் விரித்துப் புட்டும் முட்டைப்பொரியலும் சாப்பிட்டோம்.

வெயில் சாயத்தான் ஊர் எழும்பி வந்தது. நீளக் கிடந்த பள்ளம் தெருவாயிற்று. சதுரமான மேடுகள் வீடுகளாயின. பல நூறு வருடங்களுக்கு முன் விட்டுப்போன வீடுகளில் வாசல் எங்கே இருந்ததென்றுகூட நிழல் காட்டியது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அங்கே இடத்தை விளங்கப்படுத்தும் வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் எங்களிடம் வந்தார். நாங்கள் இருந்த மேட்டில்தான் தேவாலயம் நின்றதாம். சுற்றிவரச் சவக்காலையாம், செத்தவர்களைப் புதைத்த இடம்.

மச்சாளின் முகம் வெளிறிவிட்டது. "எழும்பும், எழும்பும். வயித்துப் பிள்ளையோடை சவக்காலைக்குள்ளை இருந்து சாப்பிட்டிருக்கிறம். வீட்டை போன உடனை முழுகவேணும்." என் கையைப் பிடித்துத் தூக்கினார். அந்தப் பயம் எனக்கும் தொற்றியது.

பெண்மணிக்கு இது ஒன்றும் விளங்கவில்லை. அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனார். சுவரடியில் குழந்தைகளின் எலும்புகள் கிடைத்தனவாம். தேவாலயக் கூரையில் பட்டு வடியும் மழை புனிதம், அது பிள்ளைகள்மேல் விழட்டும் என்று அங்கே புதைத்திருக்கலாமாம். மச்சாளுக்கு அதைத் தமிழில் சொன்னேன்.

மச்சாள் என் கையை விட்டார். எங்கள் வழக்கத்திலும் பெரியவர்களைத்தான் எரிப்பது, கைக்குழந்தையைப் புதைப்பார்கள். யுத்தத்தில் இடம்பெயர்ந்து ஓடிய வழியில் அவரும் தன் பிள்ளையைத் தெருவோரம் புதைத்தவர். இதைக் கணவர்தான் எனக்குச் சொன்னார். மச்சாள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

"இப்ப கூரை இல்லையே," என்றார் மச்சாள்.

காருக்குப் போய்த் தண்ணீர்ப் போத்தலை எடுத்துவந்தார். சுவர் இருந்த தடம் நெடுகக் குனிந்து குனிந்து ஊற்றினார். போத்தல் வெறுமையானதும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னத்துக்கு நிக்கிறீர்? இரும் பிள்ளை," என்றார். "இதுகள் உம்மட பிள்ளைக்கு ஒண்டும் செய்யாதுகள்."