தொட்டிலுக்கு அடியில் உறுமிய கார்

ராணுவத்தில் இருந்த அப்பா ஒரு விடுமுறைக்கு வந்தபோது எனக்கு ரிமோட் கார் வாங்கி வந்தார். ஆட்டுக்குட்டி உயரத்துக்குப் பெரிய கார். ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் அப்படி ஒன்றை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. ஆனால் அது பார்க்க மட்டும்தான் உதவும் என்பது அப்பா ரயிலேறிய பிறகே தெரிந்தது. மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலம் அது. பகலில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. வருகிற கொஞ்ச நேரத்தில் மாவு அரைக்க வேண்டும், மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்ற வேண்டும், அப்பாவிடம் பேச அம்மாவின் போன் சார்ஜ் ஏற வேண்டும். என் காருக்கு முறை வருவதற்குள் மறுபடி கரண்ட் போய்விடும். நான் தரையில் புரண்டு அழுவேன். எனக்கு ஒன்பது வயது. புரண்டு அழும் வயதில்லைதான், ஆனாலும் அழுவேன்.

அழுகை பொறுக்காமல்தான் மாமா இதில் நுழைந்தார். மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. களை வெட்டுகிற மெஷினும் மருந்தடிக்கிற மெஷினும் ரிப்பேர் பார்க்கிற கடை வைத்திருந்தார். சேத்தூர், சோழபுரத்திலிருந்தெல்லாம் மெஷின்களை பைக்கில் கட்டிக்கொண்டு வந்து அவர் வாசலில் இறக்குவார்கள். கரண்டை நம்பி எவனாவது வண்டி வாங்குவானா என்று, அப்பா ஊரில் இல்லாத தைரியத்தில் கேட்டுவிட்டு, காரைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். பெட்ரோல் இன்ஜின் ஏற்றித் தருவதாக என் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார்.

பள்ளிக்கூடம் விட்டு நேராக அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். காரின் மோட்டாரையும் பெரிய பேட்டரியையும் மாமா கழற்றி எறிந்தார். பழைய களைவெட்டி மெஷினின் இன்ஜினை அதன் முதுகில் ஏற்றினார். பாரம் தாங்காமல் பிளாஸ்டிக் அடித்தட்டு வளைந்தது. அலுமினியத் தகடு வெட்டிப் போட்டார். பல்சக்கரம் நொறுங்கியது. இரும்பில் செய்து மாட்டினார். புகைக்குழாய் மட்டும் எப்படித் திருப்பினாலும் உள்ளே அடங்கவில்லை. அது இல்லாவிட்டால் சத்தம்தானே கொஞ்சம் அதிகமாக வரும், வந்தால் வரட்டும் என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டார்.

வீட்டில் அப்போது என் தங்கைக்கு எட்டு மாதம். தெருவே பொறாமைப்பட்ட பிள்ளை. என் மாதிரி அழுமூஞ்சி இல்லை. பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடினாலும், வாசலில் மேளம் போனாலும், தூங்கினால் தூங்கினதுதான். இப்படி ஒரு பிள்ளை கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். பெருமை தாங்காமல் அம்மா அவளுக்கு மட்டும் தினமும் திருஷ்டி கழித்தாள். எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா காரைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கினார். தெரு கூடிவிட்டது. திறந்திருந்த கதவுக்கு நேரே, முன்னறையில், சேலைத் தொட்டிலில் தங்கை தூங்கிக்கொண்டிருந்தாள். மாமா இன்ஜினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தார். ஒன்றுமில்லை. இன்னொரு இழுப்பு. மூன்றாவது இழுப்பில் அது கிளம்பியது பாருங்கள், அம்மாடி! அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. எதிர்வீட்டு நாய் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடியது. அம்மா கையிலிருந்த குடம் கீழே விழுந்தது. நான் காதைப் பொத்திக்கொண்டு குதித்தேன்.

மோட்டாரில் ஓடியபோது ரிமோட்டிலிருந்து விரலை எடுத்தால் வண்டி நின்றுவிடும். இதில் மாமா விரலை எடுத்தார். ஆக்சிலேட்டர் வயர் சிக்கிக்கொண்டு வண்டி நிற்கவில்லை. துள்ளித் திரும்பி, வாசற்படியில் ஏறி, வீட்டுக்குள் பாய்ந்தது. தொட்டிலுக்கு அடியில் புகுந்து சுவரில் முட்டி, அங்கேயே நின்று சக்கரம் சுழல உறுமியது. அறை முழுக்கப் புகை. மாமா குப்புற விழுந்து இன்ஜினைப் பிடித்து, பிளக் வயரைப் பிடுங்கி எறிந்தார். உள்ளங்கை வெந்துபோயிற்று. அம்மா ஓடிப்போய்த் தொட்டிலை விலக்கினாள்.

தங்கை தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு கீறல் இல்லை. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாப்பாவுக்குப் பயமே இல்லை, பாப்பா ராணுவத்துக்குப் போகும் என்று நான் கத்தினேன். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள், அம்மாவும் சிரித்தாள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. வெந்த கையை உதறக்கூடத் தோன்றாமல் தொட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எங்கள் ஊர் வெள்ளை நாய்களைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குப் பெருமைதான் தெரியும். அவற்றில் காது கேட்காமல் பிறக்கும் குட்டிகளும் உண்டு என்பது உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். அதனால் குட்டி வாங்கப் போகிறவர்கள் அதன் பின்னால் நின்று தட்டைத் தட்டிப் பார்ப்பார்கள். திரும்பினால் தூக்கிக்கொள்வார்கள். திரும்பாத குட்டியை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்ப்பார்கள்.

தங்கை விழித்ததும் அம்மா அவளைப் பாயில் உட்காரவைத்து முன்னால் பொம்மையைப் போட்டாள். மாமா அடுக்களைக்குப் போய் எவர்சில்வர் தட்டும் கரண்டியும் எடுத்து வந்தார். அவளுக்குப் பின்னால் மண்டியிட்டுத் தட்டை ஓங்கி அடித்தார். நான் துள்ளிவிழுந்தேன். அவள் பொம்மையின் காதைக் கடித்துக்கொண்டிருந்தாள். மறுபடி அடித்தார். அம்மாவுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் தட்டைப் பறித்து எறிந்துவிட்டு, தம்பியின் கன்னத்தில் விட்டாள் ஒரு அறை.

"ஏலே, எம்புள்ள என்ன நாய்க்குட்டியா?"

அம்மா மாமாவை அடித்து நான் பார்த்ததே இல்லை. அவர் கன்னத்தைக்கூடத் தடவவில்லை.

"அக்கா, டாக்டர்ட்ட காட்டுக்கா," என்று மட்டும் சொன்னார்.

உன் வண்டிச் சத்தத்தில்தான் பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது, இனிமேல் அவளைத் தொட்டால் நான் மனுஷியாக இருக்கமாட்டேன் என்று அம்மா கத்தினாள். அதன் பிறகு மாமா தினமும் வந்தார், ஆனால் கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை. அங்கிருந்தே டாக்டரைச் சொல்வார், அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தங்கை அவரைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டுவாள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். கார் கெடுத்த காரியம் என்றுதான் நானும் நம்பினேன். கடைக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

ஒருநாள் தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனேன். தங்கை எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் அம்மா நின்றிருந்தாள், கையில் தட்டு. அம்மா அதை விட்டாள். அது தரையில் விழுந்து சுழன்று அடங்கும்வரை தங்கை என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மா வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள். மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினோம். மாமாவும் ஏறினார். பின்சீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டார். நான் ஜன்னலோரம்.

அங்கே காது டாக்டர் ஒரு அம்மா. அவரும் தங்கைக்குப் பின்னால் நின்றுதான் மணி அடித்தார், கிலுகிலுப்பை ஆட்டினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, முதலில் இதைக் கவனித்தது யார் என்று கேட்டார். அம்மா தங்கையின் சட்டையை இழுத்துவிட்டாள். மாமா தரையைப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"எங்க மாமாதான். தட்டத் தட்டிப் பாத்தாக, நாய்க்குட்டிக்குப் பாக்குற மாதிரி."

அத்தோடு விடவில்லை. கார், இன்ஜின், சத்தம், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டாக்டர் மாமாவைத் திட்டப்போகிறார், ஊசிகூடப் போடலாம் என்று காத்திருந்தேன். அவர் மாமாவை வெகுநேரம் பார்த்தார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"இது பிறவியிலேயே உள்ளதும்மா. வண்டிச் சத்தத்தால வந்ததில்ல. பேச்சு வரலன்னு மூணு வயசு, நாலு வயசுலதான் கொண்டு வர்றாங்க. நீங்க எட்டு மாசத்துலயே கொண்டுவந்துட்டீங்க. பேச வச்சிரலாம்."

மதுரைக்குப் போகவேண்டும், இன்னும் சோதனைகள் இருக்கின்றன, காதுக்குக் கருவி வைக்கலாம் என்று என்னென்னவோ எழுதிக்கொடுத்தார். அம்மா தேம்பித் தேம்பி அழுதாள். பேச வைத்துவிடலாம் என்று சொன்ன பிறகும் எதற்கு இப்படி அழுகிறாள் என்று எனக்கு எரிச்சல். பால்கோவா வாங்கித் தரச் சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை.

திரும்புகிற பஸ்ஸில் நல்ல கூட்டம். எனக்கும் அம்மாவுக்கும் இடம் கிடைத்தது, நான்தான் மறுபடி ஜன்னலோரம். மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச தூரம் போனதும் அம்மா என்னை எழுப்பிவிட்டாள்.

"வாலே, உக்காரு," என்று மாமாவை என் இடத்தில் உட்காரச் சொன்னாள். அவர் உட்கார்ந்ததும் தங்கையைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். வெகுநேரம் தூக்கி வைத்திருந்ததில் அம்மாவுக்குக் கை வலித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மாமா கட்டுப்போட்ட கையால் அவளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு குனிந்தவர், ராஜபாளையம் வரும்வரை நிமிரவில்லை. வெளியே ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பார்க்காத ஆளுக்கு எதற்கு ஜன்னலோரம் என்று, கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நின்ற எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.